கல்லில் தாடி இல்லாத ஆள்

திங்கட்கிழமை அந்தக் காட்சியகம் பூட்டு. பார்க்க ஆட்கள் வரமாட்டார்கள் என்பதால் அன்றைக்குத்தான் எங்களுக்கு வேலை கூட. காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் மூன்று மணிக்கு வெளியே வருவேன். சூரிச்சில் பல இடம் துடைத்திருக்கிறேன். உணவகச் சமையலறை, வங்கி, பள்ளிக்கூடம். இது சுகமான இடம். யாரும் கத்துவதில்லை. கண்ணாடியும் தரையும் எங்கள் பொறுப்பு. கல்லைத் தொடக்கூடாது.

இரண்டாம் மாடியில் பழைய பாரசீக அரசர்களின் மாளிகைக் கற்கள் இருந்தன. சிலது உண்மைக் கல், சிலது அச்செடுத்து வார்த்தது. எது எது என்று எனக்குத் தெரியாது. ஒன்றில் அரசர் நடக்கிறார். நீளத் தாடி, சுருள் சுருளாக. பின்னால் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு போகிறான். பக்கத்துக் கல்லில் இன்னொருவன் தனியாக நிற்கிறான். ஒரு கையில் மடித்த துவாய், மறு கையில் சின்னப் போத்தல். அவனுக்குத் தாடி இல்லை. கன்னம் வழுவழுவென்று இருந்தது. என் கையிலும் துணியும் போத்தலும்தான். அதனால் அவனை எனக்குப் பிடித்தது.

என்னோடு வேலை செய்கிறவர் ஈரான்காரர். அங்கே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே என்னோடு தரை துடைக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே வயது, நாற்பத்தேழு. இரண்டு பேருக்கும் ஜெர்மன் அரைகுறை. அரைகுறையும் அரைகுறையும் சேர்ந்தால் நன்றாக விளங்கும். சுவரில் எழுதியிருப்பதை நான் வாசிப்பதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். அவரும் வாசிப்பதில்லை. பிழையாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பார்.

ஒரு திங்கட்கிழமை அந்தத் தாடி இல்லாத ஆளைக் காட்டி இவன் யார் என்று கேட்டேன். அவர் ஒரு ஜெர்மன் சொல் சொன்னார். விளங்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரிப் பிடித்து, இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், ஒரு வெட்டு வெட்டினார். விளங்கியது. ஊரில் நாம்பன் மாட்டுக்கு நலமடிப்பார்கள். அடித்தால் முட்டாது, பசுவைக் கலைக்காது, வண்டில் மட்டும் இழுக்கும். மனிதருக்கும் அப்படிச் செய்தார்களோ என்று கேட்டேன். செய்தார்களாம். அரசருக்குத் திறையாகப் பொன்னும் குதிரையும் வரும்போது பையன்களும் வருவார்களாம். அவர்களுக்கு நலமடித்து மாளிகைக்குள் விடுவார்களாம்.

ஏன் என்று கேட்டேன். பிள்ளை இல்லாதவன் யாருக்காகவும் களவெடுக்கமாட்டான் என்றார். தன் மகனை அரசனாக்கப் பார்க்கமாட்டான். அரசரை விட்டால் அவனுக்கு வேறு ஆள் இல்லை. அவனை வாசலில் நிறுத்திவிட்டு அரசர் பயமில்லாமல் நித்திரை கொள்ளலாம். பெண்கள் இருக்கிற பக்கம் அவன் போகலாம், வரலாம். பெரிய பெரிய ஆட்களும் அரசரைப் பார்க்க அவனைப் பிடிக்க வேண்டும்.

"நல்ல வேலைதான்" என்றேன்.

"விண்ணப்பம் போடப் போறியோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு அந்தக் கண்ணாடியை இரண்டாம் தரம் துடைத்தேன். அதில் அழுக்கு இருக்கவில்லை.

அவருக்கு என் கதை தெரியாது. அப்போது ஒருவருக்கும் தெரியாது.

ஊரில் என்னைப் பிடித்து வைத்திருந்தபோது அடித்தார்கள். அப்போது இருபத்து மூன்று வயது. அடித்த கதையை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு விரையை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மற்றது இருந்தது. ஆனால் அதுவும் செத்துப்போனது என்று இங்கே வந்துதான் தெரிந்தது. அகதி முகாமில் உடம்பு சோர்ந்தது. முகத்தில் மயிர் குறைந்துகொண்டே போனது. டாக்டர் இரத்தம் எடுத்தார். இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டு, மேசையில் தொலைபேசியை வைத்து, அதில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். பெண் குரல். எங்கள் பக்கத்துத் தமிழ். டாக்டர் நிறைய நேரம் கதைத்தார்.  பிறகு அந்தக் குரல் சொன்னது:

"ஐயா, உங்களுக்குப் பிள்ளை பிறக்காது எண்டு டாக்டர் சொல்லுறார். மருந்து பூசினால் உடம்பு தேறுமாம். தாடி மீசை வருமாம். பிள்ளை வராது. விளங்குதோ?"

ஓம் என்றேன். வேறு கேள்வி இருக்கிறதோ என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

இன்றைக்கும் கடையில், கோயிலில் ஒரு பெண் கொஞ்சம் நிதானமாகக் கதைத்தால், அந்தக் குரலோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

மருந்து ஒரு போத்தல். தலையை அமத்தினால் பசை வரும். தினமும் காலையில் தோளில் பூச வேண்டும். பூசினேன். உடம்பு தேறியது. மீசை வந்தது. நல்ல மீசை. அக்கா ஊரிலிருந்து படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அந்தப் படத்தைக் காட்டித்தான் எனக்குப் பெண் பேசினார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்றேன். யோசித்துச் செய்த வஞ்சகம் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

மனைவி இங்கே வந்தபோது அவளுக்கு முப்பது வயது. என்னைவிடப் படித்தவள். இரண்டு வருடத்தில் ஜெர்மன் பிடித்துவிட்டாள். ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை. ஒரு விரை அடிபட்டுப் போனது என்று அவளுக்குச் சொன்னேன். ஒன்று போதும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னேன். குளியலறையில் போத்தலைக் கண்டு இது என்ன என்று கேட்டாள். தோள்வலிக்கு என்றேன். தரை துடைத்துத் துடைத்துத் தோள் போய்விட்டது என்றேன்.

அவள் வாசிப்பாள் என்று பயம். ஒவ்வொரு புதுப் போத்தலையும் வேலை இடத்தில் வெந்நீரில் வைத்து ஒட்டியிருந்ததை உரித்தேன். பெட்டியையும் உள்ளே இருந்த தாளையும் அங்கேயே எறிந்தேன். வீட்டுக்கு வந்தது வெறும் வெள்ளைப் போத்தல். அதில் ஒரு எழுத்தும் இருக்காது.

பிள்ளை வரவில்லை. பெண்களைப் பார்க்கிற டாக்டரிடம் போனாள். அவளில் ஒரு பிழையும் இல்லையாம். கணவனைப் பரிசோதிக்கச் சொன்னாராம். ஒரு நாள் லீவு எடுத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ரயில் நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் ஒரு வாங்கில் இருந்தேன். ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். வீட்டுக்கு வந்து எனக்கும் ஒன்றுமில்லையாம் என்றேன்.

அன்றைக்கு அவள் முகம் மாறியது. டாக்டர் கணக்கில் அவளில் பிழை இல்லை, என்னிலும் இல்லை. அப்போது பிழை எங்கே? தன் சாதகத்தில் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான் விட்டேன்.

வின்டர்தூரில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தோம். மண்டபம் நிறைய ஆட்கள். ஆராத்தி எடுக்க இன்னும் ஒரு பெண் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த இவள் எழும்பித் தட்டில் கை வைத்தாள். ஒரு அம்மா வந்து மெதுவாக, நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "நீர் இரும் பிள்ளை. பெத்த ஆக்கள் எடுக்கட்டும்." இவள் வந்து இருந்தாள். நான் எதிர் வரிசையில் றோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது. வாயில் இருந்ததை விழுங்கினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

அக்காவின் கதை இன்னும் மோசம். தொலைபேசியில் அழுவார். "மலடியைக் கட்டி வைச்சு உன்ரை வாழ்க்கையைப் பழுதாக்கிப் போட்டன் தம்பி." நான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருப்பேன். எப்போதும் அப்படித்தான் கதைப்பேன், கையில் பிடித்தால் கை நோகும். இவள் சமையலறையில் மரக்கறி வெட்டிக்கொண்டு நிற்பாள். வெட்டுகிற சத்தம் நிற்காது.

ஏழு வருடம் கந்தசட்டி விரதம் பிடித்தாள். ஆறு நாளும் தண்ணீர் மட்டும். அதோடு வேலைக்கும் போவாள். ஈரத் துணி தூக்குவாள். வேலை முடிய ரயிலில் அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போவாள். ஆறாம் நாள் நானும் போவேன். சூரன் போர் முடிந்து திரும்பி வரும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிடுவாள். காலையில் நான் மருந்து பூசிய தோள்.

போன வருடச் சட்டி முடிந்து இரண்டு மாதம் இருக்கும். தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு நின்றவள் திரும்பாமல் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு ரெண்டு மாசமாய் நாள் தள்ளிப்போச்சு."

நான் கதிரையில் இருந்தேன். எழும்பவில்லை.

சோதித்துப் பார்ப்போம் என்றேன். மாட்டேன் என்றாள். முருகன் தந்ததைச் சோதிக்கக்கூடாது, மூன்று மாதம் போகட்டும் என்றாள். அவள் திரும்பியபோது முகத்தைப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு முகம் நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரியும், அது என்னுடையதாக இருக்க முடியாது. அப்போது யாருடையது? இதை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். சலவைத் துணி ஏற்ற வருகிற வாகனக்காரன். கோயிலில் இருந்து சில நாள் காரில் இறக்கிவிடுகிற ஆள். மேல் வீட்டுக்காரன். எல்லோரையும் ஒவ்வொருவராக நினைத்தேன். ஒரு நாள் வேலையில் பொய் சொல்லி வெளிக்கிட்டு, முதியோர் இல்லத்துக்கு எதிரே ட்ராம் தரிப்பில் நின்றேன். இரண்டு மணிக்கு வெளியே வந்தாள். கூட இரண்டு போர்த்துக்கல் பெண்கள். சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி இவளுடைய பையைப் பறித்துத் தான் தூக்கினாள். பிள்ளைத்தாச்சிக்குச் செய்கிறமாதிரி. நான் ஒரு விளம்பரத் தட்டிக்குப் பின்னால் நின்றேன்.

அதற்குப் பிறகு என் மனம் வேறு பக்கம் போனது. யாருடையதாக இருந்தால் என்ன? வரட்டும். அவளுக்கு ஒரு பிள்ளை. ஊருக்கு நான் தகப்பன். கேட்காமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் இருக்கிறது. அப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி எனக்கே பயமாக இருந்தது.

அந்தக் கிழமை திங்கள், ஈரான்காரரிடம் கேட்டேன். இந்த நலமடித்தவர்களுக்கு மனைவி இருந்ததோ?

சிலருக்கு இருந்ததாம். ஒரு கதை சொன்னார். அரசருக்கு வலது கை மாதிரி இருந்த ஒருவன். அவன் சொல்லாமல் மாளிகையில் ஒன்றும் நடக்காது. அவனுக்குத் தானே அரசனாக வேண்டும் என்று ஆசை வந்தது. தாடி இல்லாதவனை யார் அரசன் என்பார்கள்? மனைவியிடம் சொல்லி மயிரில் தாடியும் மீசையும் செய்வித்தான்.

"ஒட்டிக்கொண்டு போனானோ?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ளை மனுசி காட்டிக் குடுத்திட்டாள். அரசி அவனைக் கொல்லுவிச்சிட்டாள்."

மனைவி ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டேன். அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். பிறகு துடைப்பத்தைப் பிழிந்துகொண்டே இன்னொன்றும் சொன்னார். இந்தக் கல்லில் இருப்பவன் நலமடித்தவனோ, வெறும் இளம் வேலைக்காரனோ என்று படித்தவர்களுக்குள் இன்னும் சண்டையாம். கல்லைப் பார்த்துச் சொல்ல ஏலாதாம்.  கண்ணாடி துடைக்கிற போத்தலை வாளிக்குள் வைத்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டரிடம் தனியாகப் போனாள். நான் வேலை முடிந்து வந்தபோது வாசலில் சப்பாத்துப் போடுகிற வாங்கில் இருந்தாள். ஜாக்கெட் கழற்றவில்லை.

"பிள்ளை இல்லையாம்" என்றாள்.

பக்கத்தில் இருந்தேன். அவளுக்கு வேறு ஆள் இருக்கவில்லை என்று அப்போது விளங்கியது. அவள் அழுதுகொண்டிருக்கிறாள், எனக்கு உள்ளே ஒரு சந்தோசம் வந்து போனது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

டாக்டர் இரத்தம் எடுத்திருந்தார். அடுத்த கிழமை கடிதம் வந்தது. அவள் வாசித்துச் சொன்னாள். ஆணுக்கு இருக்க வேண்டிய ஒன்று அவள் இரத்தத்தில் நிறைய இருக்கிறதாம். பெண்ணுக்கு அப்படி இருந்தால் உள்ளே கட்டி இருக்கலாமாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி டெர்மின் தந்திருந்தார்கள். பதினெட்டாவது நாள். முதலில் டாக்டர் கதைப்பார், பிறகு உடம்பைப் படம் எடுப்பார்கள், தேவையென்றால் வெட்டிப் பார்ப்பார்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நாடியைத் தடவினாள். அங்கே நாலைந்து கறுப்பு மயிர் முளைத்திருந்தது. அதை அவள் பிடுங்குவது எனக்குத் தெரியும். வயது என்று நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. சட்டையைத் தோளில் இருந்து இறக்கிவிட்டு நின்றாள். என் வெள்ளைப் போத்தலை அமத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வலத் தோளில் தேய்த்தாள், பிறகு இடத் தோளில். கண்ணாடியில் என்னைக் கண்டு சிரித்தாள்.

"உங்கடை மருந்து நல்லாய்க் கேக்குது. கோடையிலையிருந்து பூசுறன். கெதியாய் முடியுதெண்டு ஏசாதேங்கோ."

எங்கள் ஆட்களுடைய வீட்டில் தைலம் ஒருவருடையது இல்லை. நோகிறவன் எடுத்துப் பூசுவான். கேட்டுப் பூசுகிற வழக்கமும் இல்லை. ஈரத் துணி தூக்குகிறவளுக்குத் தோள் நோகாமல் என்ன செய்யும்? போத்தல் முந்திமுந்தி முடிந்தபோது பம்பில் காற்று போகிறது என்று நினைத்தேன். அவளுக்குத் தோள் நோகிறதோ என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

டாக்டர் என்ன மருந்து பாவிக்கிறாய் என்று கேட்டாராம். ஒன்றுமில்லை என்றாளாம். பூசுவதை மருந்துக் கணக்கில் எங்களில் யார் சேர்ப்பார்கள்?

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போத்தலை எடுத்து வேலைப் பைக்குள் வைத்தேன். மருந்து முடிந்துவிட்டது என்று சொன்னேன். வேறு வலித்தைலம் வாங்கிக் கொடுத்தேன். என் கணக்கு இதுதான். அவள் பூசுவதை விட்டால் இரத்தம் தானாகச் சரிவரும். ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை என்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. பதினாறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும். நானும் காலையில் வேலை இடத்துக் கழிவறையில் பூசிக்கொள்ளலாம்.

பதினாறு நாளும் அவள் சாகத் தயாரானாள்.

சத்தமில்லாமல் செய்தாள். அலுமாரியில் இருந்த சேலைகளைத் தரம் பிரித்தாள். எதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று துண்டு எழுதி ஊசி குத்தினாள். எனக்குச் சோறு வைக்கிற அளவைச் சொல்லித் தந்தாள், இந்தக் கோப்பையால் ஒன்றரை என்று. இரவுச் சாப்பாட்டில் கை வைக்கமாட்டாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

அந்த நாட்களில் ஒரு திங்கள் ஈரான்காரரிடம் கேட்டேன். மாளிகைக்குள் போன அந்த ஆட்களில் யாராவது பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்களோ?  ஒருவன் ஒருவர் பின் ஒருவராக இரண்டு அரசர்களை நஞ்சு வைத்துக் கொன்றான், மூன்றாவது அரசர் அந்தக் கிண்ணத்தை அவனையே குடிக்க வைத்தார் என்றார். இன்னொருவன் அரசர் செத்த பிறகும் அந்தக் கல்லறையில் காவல் இருந்து அங்கேயே செத்தான் என்றார். வீட்டுக்குப் போனவன் கதை தனக்குத் தெரியாது என்றார். ஏன் இப்படிக் கேட்கிறாய், உடம்பு சரியில்லையோ என்றார். இல்லை என்றேன்.

டெர்மினுக்கு முதல் நாள். நான் சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவினேன். அவள் மேசையில் இருந்தபடியே சொன்னாள்.

"எனக்கு ஏதும் நடந்தால் நீங்கள் தனிய இருக்கக்கூடாது. பிள்ளை பெறக்கூடிய ஒரு ஆளைக் கட்டுங்கோ. என்னாலை உங்களுக்கு ஒண்டும் தர முடியேல்லை."

குழாயை மூடினேன். திரும்பிச் சொல்லலாம் என்று நின்றேன்.   அவள் எழும்பிப் போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் போத்தலைப் பைக்குள் இருந்து எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்தேன்.

டாக்டர் இளம் பெண். அன்பாகக் கதைத்தார். கேள்விகள் எழுதிய தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆண்களுக்குக் கொடுக்கிற அந்த வகை மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்ற இடம் வந்தது. இவள் இல்லை என்றாள். நான் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன்.

ஜெர்மனில்தான் சொன்னேன். தமிழில் எனக்கு அது வரவில்லை. இது என் மருந்து. பேரை நான் உரித்தேன். இவளுக்குத் தெரியாது. தோள்வலிக்கு என்று நினைத்து இவளும் பூசினாள். எனக்கு இரண்டு விரையும் இல்லாத மாதிரி. பிள்ளை வராது. ஈரான்காரர் சொல்லித்தந்த அந்தச் சொல்லும் நாக்கு நுனிக்கு வந்தது. அதைச் சொல்லவில்லை.

டாக்டர் போத்தலைக் கையில் எடுத்தார். சுற்றிப் பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எவ்வளவு, எவ்வளவு காலம் என்று கேட்டார். இவள் பதில் சொன்னாள். குரல் மாறவில்லை. மூன்று அமத்து, தினமும், ஆறு மாதம். டாக்டர் தாளில் எழுதினார். படம் இன்றைக்கு வேண்டாம், இன்னொரு தரம் இரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார். பூசுவதை விட்டால் உடம்பு பழையபடி வரும், மாதம் ஒழுங்காகும், உங்களில் ஒரு குறையும் இருக்காது என்றார். இவளைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார்.

ட்ராமில் எதிர் எதிரே இருந்தோம். அவள் கேட்டாள்.

"கலியாணத்துக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"எழுதியிருந்ததை ஏன் உரிச்சனீங்கள்?"

"நீர் வாசிப்பீர் எண்டு."

இரண்டு தரிப்பு போனது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "ஏழு சட்டி" என்றாள். 

ஒரு கிழமை வீட்டில் கதை இல்லை. சமைத்தாள். வேலைக்குப் போனாள். சேலைகளில் குத்தியிருந்த துண்டுகளைக் கழற்றினாள். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகச் சொல்வாள் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் பையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அந்தப் பையைக் கண்டாள். 

சனிக்கிழமை பகல் பத்து மணி இருக்கும். என் தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இருங்கோ" என்றாள். இருந்தேன். "அக்காவுக்கு எடுங்கோ. ஸ்பீக்கரிலை போடுங்கோ. என்னைப் பற்றி அவ சொன்னது எல்லாம் நான் ஸ்பீக்கரிலைதானே கேட்டனான்."

எடுத்தேன். ஆஸ்பத்திரிக் கதை அக்காவுக்கு முதலே தெரியும். உடனே கதைத்தார்.

"தம்பி, அவளுக்கு என்னவாம்? கட்டிதானோ?"

"கட்டி இல்லை. அக்கா, பிழை என்னிலை."

"என்னடா சொல்லுறாய்?"

"எனக்குப் பிள்ளை பிறக்காது. அந்த அடியிலை எல்லாம் போயிட்டுது. கலியாணத்துக்கு முதலே எனக்குத் தெரியும். அவவிலை ஒரு குறையும் இல்லை."

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லக் கதை. இஞ்சை ஆக்கள் நிக்கினம்."

நான் ஸ்பீக்கரை நிற்பாட்டவில்லை.

"அவள் சொல்லச் சொன்னவளோ?"

"ஓம். ஆனால் உண்மை அதுதான்."

"இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை தம்பி. ஆம்பிளைப் பிள்ளையடா நீ. அவள் பேச்சு வாங்கிப் பழகினவள்தானே. நீ ஏன்—"

இவள் தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தாள்.

"மச்சாள், நான்தான். இனி என்னை அந்தச் சொல்லாலை கூப்பிடாதேங்கோ."

அக்கா அழத் தொடங்கினார். இவள் விரலால் அமத்தி நிறுத்தினாள். மேசை விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தது. அதைக் கையால் நீவிச் சரிசெய்தாள்.

"இனி அம்மாவுக்கு எடுங்கோ" என்றாள். அவளுடைய அம்மா. ஒன்பது வருடமாக மகளுக்காக ஊரில் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தவர்.

"இண்டைக்கேயோ?"

"இண்டைக்கே. பிறகு யார் யாருக்கு எண்டு நான் சொல்லுறன்."

நம்பரை எடுத்தேன். மணி போனது. என் மீசையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மணியில் தாய் எடுத்தார். மகள் என்று நினைத்து, சொல்லு பிள்ளை, உடம்பு எப்படி என்றார்.

"மாமி, நான் கதைக்கிறன்" என்றேன்.